பதின்ம வயதில் கர்ப்பம்: எந்த வரிசையில் எதைச் செய்வது

19 வயதுக்குள் கர்ப்பமான பெண்ணுக்கும், அவளுக்குத் துணை நிற்பவருக்கும் எழுதியது இது. யார்மேல் தவறு என்ற விசாரணை இதில் கிடையாது.

இந்த வயதில் கர்ப்பம் ஆபத்தாவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று உடல்: எலும்பும் உயரமும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே வயிற்றிலுள்ள குழந்தைக்கும் சத்து போக வேண்டியிருக்கிறது. மற்றொன்று தாமதம்: பயந்து மறைப்பதால் முதல் பரிசோதனையே ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று தள்ளிப்போகிறது. 16 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிக்கலைப் பெரிதாக்குவது பெரும்பாலும் இந்தத் தாமதம்தான். அதை நம்மால் மாற்ற முடியும். அதனால் கீழே உள்ள படிகளைத் தேதி வரிசையிலேயே வைத்திருக்கிறோம்.

20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால், பதின்ம வயதுத் தாய்மார்களுக்குப் பிரசவ வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள் குறைமாதத்தில் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் அதிகம். 15 வயதுக்குக் கீழே இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது: இடுப்பெலும்பு முழு அகலத்துக்கு வளர்ந்திருக்காது, குழந்தையின் தலை வழியில் தடைபட்டு நிற்கலாம்.

1. சந்தேகம் வந்த வாரமே உறுதி செய்யுங்கள்

வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்காக வராது. அதனால் "போன தடவையும் இப்படித்தான் தள்ளிப்போச்சு" என்று விட்டுவிடுவது எளிது. பலருக்கு முதல் இரண்டு மாதம் இப்படித்தான் கைநழுவுகிறது. சிலருக்குக் கரு தங்கிய சமயத்தில் லேசாக ரத்தக் கசிவு இருக்கும். அதைப் பீரியட்ஸ் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மேலும் ஒரு மாதம் பிசகும்.

மாதவிடாய்த் தேதியை நம்ப முடியாதவர்களுக்கு ஒரு விதி உண்டு. கடைசியாக உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து வீட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் முடிவை நம்பலாம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் ஹார்மோன் அடர்த்தி அதிகம் என்பதால் அதையே எடுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் முடிவைப் பார்த்துவிடுங்கள். அரை மணி கழித்துத் தெரியும் மங்கலான கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. "இல்லை" என்று வந்தும் மாதவிடாய் வரவில்லையானால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள்.

விருப்பமில்லாமல் நடந்த உறவு என்றால் பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். அவசரக் கருத்தடை 5 நாட்களுக்குள் வேலை செய்யும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள்

ஒருவர் போதும். நள்ளிரவில் ரத்தப்போக்கு வந்தால் வண்டி பிடித்துக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும் என்பதே முதல் காரணம். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அக்கா, சித்தி, பாட்டி, ஆசிரியர், செவிலியர் யாராகவும் இருக்கலாம். வீட்டில் சொன்னால் அடி விழும் என்ற நிலை இருந்தால் முதலில் சுகாதாரப் பணியாளரிடமே சொல்லுங்கள்.

மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் சொல்றதை நீங்க யார்கிட்டயாவது சொல்லியே ஆகணுமா?" வயது குறைந்தவர்களின் விஷயத்தில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் அவர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே தீர வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடுவில் அதிர்ச்சி இருக்காது. ஆனால் இதற்குப் பயந்து மருத்துவம் பார்க்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

செய்தியைக் கேட்கும் பெரியவருக்கு: முதல் கேள்வி "யார்?" என்று இருக்க வேண்டாம். "ரத்தம் போகுதா? வலி இருக்கா? கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்தது?" இந்த மூன்றும் போதும், மீதியைப் பிறகு பேசலாம். முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் நடந்துகொள்வதை வைத்துத்தான் அடுத்த அறிகுறியை அந்தப் பெண் உங்களிடம் சொல்வாளா, மறைப்பாளா என்பது முடிவாகும்.

மறைப்பதற்காக வயிற்றை இறுக்கிக் கட்டுவதும், வயிறு தெரியக் கூடாதென்று பட்டினி கிடப்பதும் நடக்கின்றன. பட்டினி கிடந்தால் தாய்க்கு ரத்தசோகை வரும், குழந்தையின் எடையும் குறையும். தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

3. மருத்துவரைப் பார்க்கும் முன்பே செய்ய வேண்டியவை

ஃபோலிக் அமிலம்: தினம் 400 மைக்ரோகிராம், இன்றைக்கே தொடங்கலாம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பெரும்பாலானோர் அதற்குப் பிறகுதான் கர்ப்பத்தையே அறிகிறார்கள். காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், ரத்தம் ஊறவும் அது தேவை. வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அளவு வேறு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முகப்பரு மருந்து: இந்த வயதினர் பலர் சாப்பிடுவது, சொல்ல மறந்துபோவதும் இதைத்தான். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். அதை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், முகத்தில் தடவும் ரெட்டினாய்டு கிரீம், அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரை ஆகியவற்றையும் நிறுத்துங்கள்.

வலி மாத்திரை: மாதவிடாய் வலிக்குப் பழகிய ஐபுப்ரோஃபென் கர்ப்பத்தில் வேண்டாம். குறிப்பாக 20 வாரத்துக்குப் பின் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசிட்டமால், தேவையான அளவுக்கு மட்டும்.

தானாக நிறுத்தக் கூடாதவையும் உண்டு. வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு, மனச்சோர்வு, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளைச் சட்டென்று விட்டால் அந்த நோயே தாயையும் குழந்தையையும் தாக்கும். வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகளை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மாற்றுவது மருத்துவர் வேலை. அன்றைக்கே பேசுங்கள்.

சிகரெட், மது, புகையிலை, போதைப்பொருள் எதற்கும் பாதுகாப்பான அளவு கிடையாது. பழக்கம் விட முடியாத அளவுக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில போதைப்பொருட்களைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் மேற்பார்வையோடுதான் குறைக்க வேண்டும்.

4. முதல் வருகை: 12 வாரத்துக்குள்

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி (தெரியாவிட்டால் "தெரியாது" என்றே), சாப்பிடும் எல்லா மருந்துகளும், பழைய நோய்கள், போட்ட தடுப்பூசிகள், வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) உண்டா என்பது. பதற்றத்தில் வாய் அடைத்துப்போகும், தாள் பேசிவிடும்.

மாதவிடாய்க் கணக்கு உறுதியில்லாதவர்களுக்கு முதல் ஸ்கேன் கட்டாயம் என்றே சொல்வோம். 14 வாரத்துக்குள் எடுத்தால் குழந்தையின் நீளத்தை வைத்துப் பிரசவத் தேதியைச் சில நாள் வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். ஏழாம் மாதத்தில் எடுத்தால் வித்தியாசம் வாரக்கணக்கில் போகும். தேதி தவறினால், குழந்தை வளர்ச்சி குன்றியிருக்கிறதா அல்லது மாதமே குறைவா என்று பின்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்பதும் இதில்தான் தெரியும்.

அன்று நடக்க வேண்டியவை: எடை, உயரம், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ரத்த வகையும் ஆர்ஹெச்சும் (பாசிட்டிவா, நெகட்டிவா என்பது), சிறுநீர், எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி. பாலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா தொற்றுகளுக்கான பரிசோதனைகளையும் கேட்டுப் பெறுங்கள். இளம் வயதில் இந்தத் தொற்றுகள் அதிகம், பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் கண் தொற்றுக்கும் வழிவிடும். மருந்து கொடுத்தால் துணைவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொற்று திரும்ப வரும். கர்ப்பம்தான் ஆகிவிட்டதே என்று ஆணுறையை விட்டுவிடுவதும் தவறுதான்.

"அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்று மருத்துவரிடம் கேட்கலாம். கூட வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கும்.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற பேச்சுக்கும் இதுதான் இடம். எந்த முடிவுக்கும் வாரக் கணக்கு முக்கியம், சட்டம் அனுமதிக்கும் காலமும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்கேன் எடுக்காமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது, கைவைத்தியம், கருப்பைக்குள் எதையாவது நுழைப்பது ஆகியவை உயிரைப் பறிக்கும். ஏற்கெனவே அப்படி ஏதாவது செய்திருந்தால், என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

5. அடுத்த வருகைகளைக் காலண்டரில் குறியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் குறைந்தது 8 வருகைகளைப் பரிந்துரைக்கிறது: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40 ஆகிய வாரங்களில். ரத்த அழுத்தம், ரத்தசோகை போன்ற சிக்கல் இருந்தால் இடையில் இன்னும் சில சேரும்.

கடைசி வாரங்களில் வருகை நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், ரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்போதுதான் ஏறுகிறது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று 34, 36-ஐத் தவறவிடுபவர்கள் அதிகம். உயர் ரத்த அழுத்தம் தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தராது என்பதை நினைவில் வையுங்கள்.

இடையில் வருபவை: 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை, தடுப்பூசி (டெட்டனஸ் சேர்ந்தது). ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28-ஆம் வார அளவில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பை உருவாக்காமல் தடுப்பது). இடையில் ரத்தக் கசிவு ஏற்பட்டாலும் 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கர்ப்பத்தில் கூடாது, அவற்றைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம்.

6. ரத்தமும் எலும்பும்: மாத்திரை, சாப்பாடு

பதின்ம வயதுப் பெண்களில் பலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே இரும்புச்சத்து இருப்பு குறைவு. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் தீவிரம். ரத்தம் குறைவாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

தினசரி தேவை 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. மாத்திரை அட்டையைப் படிக்கும்போது இங்கேதான் குழப்பம் வரும். 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உள்ள இரும்பு 60 மில்லிகிராம்தான், ஃபெரஸ் ஃபூமரேட் என்றால் 180-லேயே அந்த 60 கிடைத்துவிடும். அட்டையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து "அஞ்சு மடங்கு அதிகமா இருக்கே" என்று பாதியாக உடைத்துச் சாப்பிடாதீர்கள். ரத்தசோகை இருந்தால் மருத்துவர் இரும்பின் அளவைத் தினம் 120 வரை கூட்டுவார்.

எப்படிச் சாப்பிடுவது என்பது அளவைப் போலவே முக்கியம்:

- டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.
- எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதிகம் சேரும்.
- வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு படுக்கும் முன் சாப்பிட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் உணவோடு சாப்பிடலாம். சேர்வது சற்றுக் குறையும், ஆனால் நிறுத்துவதைவிட அது மேல்.
- மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும். அப்படியும் தீராவிட்டால் வேறு வகை மாத்திரை கேளுங்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் குடல்புழு, தலசீமியா, பி12 குறைவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

கால்சியம்: 18 வயது வரை தினம் 1300 மில்லிகிராம் தேவை, பெரியவர்களுக்கு 1000. உணவில் போதாவிட்டால், குழந்தையின் எலும்புக்குப் போகும் கால்சியம் தாயின் முழுமையடையாத எலும்பிலிருந்து எடுக்கப்படும். கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் உண்டு. உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் சிக்கல், 7-ஆம் பிரிவில் வருகிறது) வாய்ப்பும் குறைகிறது. ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளாது, அதனால் பிரித்துச் சாப்பிடுங்கள்.

எடை: கர்ப்பத்துக்கு முந்தைய உடல் நிறை குறியீடு (கிலோ எடையை, மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 18.5-க்குக் கீழ் என்றால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ கூட வேண்டும். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. அதற்கு மேல் 29.9 வரை 7 முதல் 11.5, 30-ஐத் தாண்டினால் 5 முதல் 9. முதல் மூன்று மாதம் எடை ஏறாமல் இருப்பது இயல்பு. நான்காம் மாதத்துக்குப் பிறகும் நின்றுவிட்டால்தான் கவலை.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற அறிவுரையை அப்படியே எடுக்க வேண்டாம். நடு மூன்று மாதத்தில் நாளைக்கு 340 கலோரியும் கடைசி மூன்றில் 450 கலோரியும்தான் கூடுதல் தேவை. அது பால், முட்டை, பருப்பு, மீன், இறைச்சி, கீரை, பழம் என்று வரட்டும், பாக்கெட் தீனியாக வேண்டாம். சரியாக வேகாத இறைச்சி, பச்சை முட்டை, காய்ச்சாத பால் கூடாது.

எதைக் குடித்தாலும் 24 மணி நேரமாக வாந்தியாகிறது, சிறுநீர் கருமஞ்சளாகக் குறைவாகப் போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

7. ரத்த அழுத்தம்: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமோ மற்ற உறுப்புப் பாதிப்போ சேர்ந்தால் அது ப்ரீஎக்லாம்ப்சியா. 160/110 வந்தால் அவசரம், அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். முதல் பிரசவத்தில் இது அதிகம், பதின்ம வயதினர் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் பிரசவம். அதைத் தாண்டி வலிப்பு வந்தால் எக்லாம்ப்சியா.

இந்த வயதில் இயல்பான அழுத்தமே 100/60 அளவில் இருப்பதுண்டு. அப்படிப்பட்டவருக்கு 135/85 என்று வந்தால் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும், ஆனால் அவர் உடலைப் பொறுத்தவரை அது பெரிய ஏற்றம். முதல் வருகையின் எண்ணை எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

அளக்கும் முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கால்கள் தரையில், கை இதய மட்டத்தில், பேச்சு கூடாது. ஓடிவந்த மூச்சோடு அளந்தால் எண் கூடும். கையில் சுற்றும் பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் எண் குறைந்து காட்டி ஏமாற்றும். மெலிந்த கையுள்ள பெண்கள் இதைக் கவனித்துச் சிறிய பட்டை கேட்கலாம்.

வேறு அபாயக் காரணங்களும் சேர்ந்திருந்தால் மருத்துவர் 12-ஆம் வார அளவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கக்கூடும். நீங்களாகத் தொடங்குவது கூடாது. "எனக்கு அது தேவையா?" என்று கேட்பதில் தவறில்லை.

வலிப்பு வந்தால் அருகிலிருப்பவர் செய்ய வேண்டியது: இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடாவிட்டால் மறுபடி வரலாம்.

8. நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

இதைத் துணை நிற்பவரும் மனப்பாடம் செய்யட்டும். பயந்த பெண் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாள்.

- எந்த மாதத்திலும் பிறப்புறுப்பில் ரத்தப்போக்கு
- முதல் மூன்று மாதத்தில் ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் (கருக்குழாய் கர்ப்பம் வெடித்திருக்கலாம்)
- விடாத தலைவலி, கண் மங்குதல், பார்வையில் பூச்சி பறத்தல், வலப்பக்க விலாவுக்குக் கீழ் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
- 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வயிறு இறுகுதல், அடிமுதுகு வலி, தண்ணீர் போல் கசிதல்
- குழந்தையின் அசைவு குறைதல்
- 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் எரிச்சலோடு முதுகு வலி
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்

9. அசைவும் குறைப்பிரசவமும்

முதல் கர்ப்பத்தில் அசைவு 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும், சிலருக்கு 24 ஆகும். 28 வாரத்துக்குப் பிறகு உங்கள் குழந்தை எந்த நேரத்தில் அதிகம் அசையும் என்பது பழகிவிடும். குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் அன்றே போங்கள், காலை வரை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். "கடைசி மாதத்தில் இடம் இல்லாமல் குழந்தை அசையாது" என்பது தவறு. அசைவின் விதம் மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது.

குறைப்பிரசவ வலியை வாயுத் தொல்லை என்று நினைத்து இரவு முழுதும் பொறுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. சீக்கிரம் போனால், 24 முதல் 34 வாரத்துக்குள் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைக்கும். அந்த ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.

10. மனமும் பாதுகாப்பும்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை, காரணமில்லாத அழுகை, தன்னை வெறுத்துப் பேசுதல் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வயதுத் தாய்மார்களுக்கு இது அதிகம். பேச்சு சிகிச்சை உண்டு, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்தப் பெண்ணைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

துணைவரோ வீட்டாரோ அடித்தால், வயிற்றில் பட்டது சிறிய அடியாக இருந்தாலும் பரிசோதனை தேவை. நஞ்சுக்கொடி விலகினால் ரத்தம் வெளியே தெரியாமலே உள்ளே தேங்கலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, கர்ப்பம் மட்டும் நிறுத்தக் காரணமில்லை. நடப்பதும் படியேறுவதும் பாதுகாப்பானவையே. மோதல் உள்ள விளையாட்டுகளை மட்டும் தவிர்த்தால் போதும்.

11. பிரசவ ஏற்பாடு: 34 வாரத்துக்குள் முடியட்டும்

ஐந்து விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த மருத்துவமனை, எந்த வண்டி (அது இல்லாவிட்டால் எது), ரத்தம் கொடுக்க யார், பிரசவ அறையில் கூட இருப்பவர் யார், கையெழுத்துப் போட வேண்டியவர் யார். கடைசிக் கேள்வி வயது குறைந்தவர்களுக்கு முக்கியம். நள்ளிரவில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டு, சம்மதம் தர வேண்டியவர் ஊரில் இல்லை என்ற நிலை வரக் கூடாது.

15 வயதுக்குக் கீழ், உயரம் மிகக் குறைவு, ரத்தசோகை, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் 24 மணி நேரமும் நடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பிரசவம் வேண்டாம். தலை தடைபட்டு மணிக்கணக்கில் நின்றால் குழந்தை இறப்பதோடு, தாயின் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்து சிறுநீர் ஓயாமல் கசியும் நிலையும் வரலாம். ஆனால் வயது குறைவு என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் சிசேரியன் தேவைப்படுவதில்லை.

வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்புங்கள். மருத்துவமனை தொலைவு என்றால் இன்னும் முன்பே. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் மிக அவசரம்.

12. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்

குழந்தை பிறந்ததும் எல்லோர் கவனமும் குழந்தைமேல் போய்விடும். கருப்பைத் தொற்றும் ரத்தப்போக்கும் வருவது இந்தச் சமயத்தில்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தால், துர்நாற்றத்தோடு போனால், காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வலித்தால் உடனே போங்கள். ப்ரீஎக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட முதன்முறையாக வரலாம். எனவே 8-ஆம் பிரிவில் உள்ள தலைவலி, கண் மங்குதல் போன்ற அறிகுறிகள் இப்போதும் பொருந்தும். பரிசோதனைகள்: முதல் 24 மணி நேரத்தில், 2-3 நாளில், 7-14 நாளில், 6-ஆம் வாரத்தில்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். 2.5 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள குழந்தையை நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டால் உடல் சூடு காக்கப்படும், பாலும் நன்றாகச் சுரக்கும். முதல் நாட்களில் குறைவாகச் சுரப்பதைப் பார்த்து "சின்னப் பொண்ணு, பால் போதாது" என்று புட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். வயதால் பால் குறையாது, குழந்தை சப்பச் சப்பத்தான் கூடும்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்கு முன் 24 மாத இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சத்துக் குறைவிலிருந்து மீளாத உடலில் அடுத்த குழந்தை வளரும். முழுமையாகத் தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கு 21 நாளிலிருந்தே மறுபடி கரு தங்க வாய்ப்புண்டு, முதல் மாதவிடாய் வரும் வரை காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். தாய்ப்பால் பாதுகாப்புத் தர மூன்றும் சேர வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் வந்திருக்கக் கூடாது.

கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வைத்துக்கொள்ளலாம். காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) என்றால் பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள், தவறினால் 4 வாரம் கழித்துத்தான். தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரையை 6 வாரத்துக்கு முன் தொடங்கக் கூடாது. பிரசவ வலியின் நடுவே யாரும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. எனவே எந்த முறை என்பதை 36-ஆம் வார வருகையிலேயே பேசி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.